மறதியைச் சொல்லும் இரத்தம்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

மறதி என்பது நம் எல்லோருக்கும் உள்ளதுதான். கணக்கு நோட்டை வீட்டில் வைத்துவிட்டு, கேத்தி பாலாடாவில் பேருந்து ஏறிய பிறகு நினைத்துக்கொள்வது மறதி. அதற்குரிய தண்டனை வகுப்புக்கு வெளியே நிற்பதோடு முடிந்துவிடும். ஆனால் பேருந்தில் ஏறிய பின் எங்கே இறங்க வேண்டும் என்பதே தெரியாமற் போனால் அது வெறும் மறதி அன்று, நோய். அந்த நோயைப் பற்றியும், அதை இரத்தப் பரிசோதனையால் கண்டறியும் புதிய முறையைப் பற்றியும் நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

இதை எழுதத் தூண்டியவர் எங்கள் அப்பாயி. அவருக்கு வயது 74. இலங்கையில் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய பல்லாயிரம் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்தவர். அரசுத் தோட்டமான டேன்டீயில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காலை எடை, பகல் எடை, மாலை எடை மூன்றையும் மனத்திலேயே கூட்டி வைத்திருப்பாராம். கணக்குப் புத்தகத்தில் ஒரு கிலோ குறைந்திருந்தால் அங்கேயே நின்று கேட்பாராம்.

அப்படிப்பட்டவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கினார். பிறகு இரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டார். என்னை என் அத்தையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு நாள் குன்னூர் மார்க்கெட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. இருட்டிய பிறகு ஒரு நடத்துநர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். "அப்பாயி வண்டியில உக்காந்துட்டு, லயத்துக்கு எப்போ போவும்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்கம்மா" என்றார். முதலில் காட்டிய மருத்துவர், "வயசானா அப்படித்தான்" என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். நாங்களும் அதை நம்பினோம். ஒன்றரை ஆண்டு அப்படியே போயிற்று.

வயதானால் அப்படித்தான் என்பது சரியன்று என்பதை 1906-ஆம் ஆண்டிலேயே ஒரு மருத்துவர் காட்டினார். அவர் பெயர் அலாய்ஸ் அல்சைமர், ஜெர்மானியர். 1901-ஆம் ஆண்டு பிராங்பர்ட் நகர மருத்துவமனையில் அகஸ்டே டேட்டர் என்ற பெண்மணியைச் சேர்த்தார்கள். அவருக்கு வயது 51தான். பெயர் என்ன என்று அல்சைமர் கேட்டதற்கு "அகஸ்டே" என்றார். கணவர் பெயர் என்ன என்றதற்கும் "அகஸ்டே" என்றே சொன்னார். 1906 ஏப்ரலில் அந்த அம்மையார் இறந்தார். அவருடைய மூளையை வெள்ளி உப்புச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் அல்சைமர் ஆராய்ந்தார். நரம்புச் செல்களுக்கு வெளியே ஒருவிதப் படிவுகளும், செல்களுக்கு உள்ளே முறுக்கிய நூல் போன்ற சிக்கல்களும் இருந்தன. அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அதை விளக்கினார். 1910-இல் அவருடைய தலைவர் கிரெபெலின் தம் பாடநூலில் அந்நோய்க்கு அல்சைமர் என்றே பெயரிட்டார்.

வெளியே உள்ள படிவு, உள்ளே உள்ள சிக்கல் என்ற இவ்விரண்டையும் புரிந்துகொண்டால் இரத்தப் பரிசோதனையும் எளிதில் விளங்கிவிடும். ஆகவே சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

படிவு என்பது அமிலாய்டு பீட்டா என்னும் சிறு புரதம். நரம்புச் செல்லின் மேலுறையில் உள்ள ஒரு பெரிய புரதத்தை நொதிகள் கத்தரிக்கோல் போல வெட்டும்போது இது துண்டாகி விழுகிறது. இதில் 42 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு பசை போன்றது. நலமுள்ள மூளை அதை அவ்வப்போது அப்புறப்படுத்திவிடும். முடியாதபோது ஒன்றோடொன்று ஒட்டித் திட்டுத் திட்டாகப் படிந்துவிடும்.

சிக்கல் என்பது டௌ என்னும் வேறொரு புரதம். நம் மலை இரயிலை நினைத்துப் பாருங்கள். லவ்டேலிலிருந்து கேத்தி நிலையத்துக்கு வரும் தண்டவாளங்களைக் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகள் பிடித்திருக்கின்றன. அவை இல்லையேல் தண்டவாளங்கள் விலகி வண்டி கவிழும். நரம்புச் செல்லின் நீண்ட ஆக்சானுக்குள்ளும் உணவும் செய்தியும் செல்ல நுண்குழல்கள் என்னும் பாதைகள் உண்டு. அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் கட்டைதான் டௌ. இந்த நோயில் டௌவின் மீது பாஸ்பேட் அளவுக்கு மீறி வந்து ஒட்டிக்கொள்கிறது. கட்டை கழன்று விழுகிறது. விழுந்த கட்டைகள் தம்முள் முறுக்கிக்கொள்கின்றன. பாதை குலைந்த செல் வாடி மடிகிறது. புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி முதலில் பாதிக்கப்படும் இடங்களுள் ஒன்று. அதனால்தான் அப்பாயிக்குக் காலையில் குடித்த காப்பி நினைவில்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கப்பலில் கூட வந்த ஆட்டுக்குட்டியின் நிறம் நினைவிருக்கிறது!

இவையெல்லாம் உயிரோடிருப்பவரின் மண்டைக்குள் நடப்பதை எப்படி அறிவது? நெடுங்காலம் வழியே இல்லை. மருத்துவர்கள் கேள்விகள் கேட்டு ஊகிப்பார்கள். ஊகம் சரியா என்பது இறந்த பின் மூளையை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர விஞ்ஞானிகளான கிளங்க், மேத்திஸ் ஆகியோர் தாம் உருவாக்கிய பொருளைப் பயன்படுத்தி, சுவீடனில் உப்சாலா ஆய்வாளரோடு சேர்ந்து, அமிலாய்டை பெட் ஸ்கேனில் தெரியும்படி செய்ததை வெளியிட்டனர். முதுகெலும்பில் ஊசி செலுத்தி மூளைத் தண்டுவடத் திரவத்தை எடுத்துப் பார்ப்பது மற்றொரு முறை. முன்னதற்குச் செலவு மிகுதி. பின்னதற்கு அச்சம் மிகுதி. "முதுகில் ஊசி" என்றதும் எங்கள் வீட்டில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம்.

இனி இரத்தத்துக்கு வருவோம். டௌ என்பது 441 அமினோ அமில மணிகள் கோத்த மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளையில் அமிலாய்டு படியத் தொடங்கியதும், அம்மாலையின் 217-ஆம் மணியில் பாஸ்பேட் ஒட்டிய டௌ மிகுதியாக வெளிப்படுகிறது. அதில் மிகச் சிறு பங்கு இரத்தத்துக்கும் கசிந்து வருகிறது. இதனைப் பி-டௌ 217 என்பார்கள். சிறு பங்கு என்றால் எவ்வளவு? ஒரு மில்லிலிட்டரில் ஒரு பிகோகிராம் இருந்தாலே பெரிது. பிகோகிராம் என்பது ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்கு!

இத்தனை நுண்ணியதைப் பிடிக்க எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். ஓர் எதிர்ப்பொருள் 217-ஆம் மணியில் பாஸ்பேட் உள்ள டௌவை மட்டும் பற்றிக்கொள்ளும். மற்றொன்று அதே டௌவின் வேறோரிடத்தில் ஒட்டி ஒளியை உண்டாக்கும். ஒளியின் அளவே புரதத்தின் அளவு. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. நோய் உள்ளவரின் இரத்தத்தில் பி-டௌ 217 கூடுகிறது. அமிலாய்டு 42 மூளைத் திட்டுகளில் சிக்கிக்கொள்வதால் இரத்தத்தில் குறைகிறது. கூடுவதைக் குறைவதால் வகுத்தால் விடை இன்னும் தெளிவாக உயரும் அல்லவா? விகிதம் என்ற பாடத்தை இதற்கு முன் இவ்வளவு விரும்பிப் படித்ததில்லை.

2020-ஆம் ஆண்டில் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தினரும் பிறரும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் அந்தியோக்கியா மலைப்பகுதியில் காப்பி விளையும். அங்குள்ள சில குடும்பங்களில் ஒரு மரபணு மாற்றம் பரம்பரையாக வருகிறது. அதைப் பெற்றவர்களுக்கு நாற்பத்தைந்து வயதை ஒட்டியே மறதி தொடங்கும். அவர்கள் இரத்தத்தில் பி-டௌ 217, மறதி தலைகாட்டுவதற்குச் சுமார் 20 ஆண்டுகள் முன்பே உயரத் தொடங்கியிருந்தது. அப்பாயிக்கு உள்ளது அந்தப் பரம்பரை வகை அன்று. அது மிக அரியது. ஆயினும் அறிகுறி தெரியும் நாளுக்கு நெடுங்காலம் முன்பே நோய் மூளையில் குடியேறிவிடுகிறது என்பதை இதனால் அறியலாம்.

2025 மே 16-ஆம் நாள் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இத்தகைய பரிசோதனை ஒன்றுக்கு முதன்முறையாக அனுமதி வழங்கியது. பூஜிரெபியோ நிறுவனத்தின் லூமிபல்ஸ் என்பது அதன் பெயர். மேலே சொன்ன விகிதத்தையே அது கணக்கிடுகிறது. நினைவுக் குறைவு இருந்த 499 பேரின் இரத்தத்தில் அதைச் சோதித்தார்கள். 'உண்டு' என்று காட்டியவர்களில் 91.7 விழுக்காட்டினருக்கு ஸ்கேனிலோ தண்டுவடத் திரவத்திலோ அமிலாய்டு இருந்தது. 'இல்லை' என்று காட்டியவர்களில் 97.3 விழுக்காட்டினருக்கு அவற்றிலும் இல்லை. இருபது விழுக்காட்டுக்கும் குறைவானோருக்கு இரண்டும் சொல்ல முடியாத நடுநிலை முடிவு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ரோஷ் நிறுவனத்தின் வேறொரு பரிசோதனைக்கும் அனுமதி கிடைத்தது. அது 181-ஆம் மணியைப் பார்ப்பது. நோய் இல்லாதவரைப் பிரித்து ஒதுக்க உதவுவது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மே மாதம் கிடைத்த அனுமதி 55 வயது கடந்து, மறதியின் அறிகுறியும் தெரிந்து, சிறப்பு மருத்துவரிடம் வந்தவர்களுக்கு மட்டுமே. நலமாக இருப்பவர் வழியில் போகிற போக்கில் செய்துகொள்வதற்கு அன்று. இது ஏன் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. எல்லோருக்கும் செய்துவிட்டால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

விடை நம் நிகழ்தகவுப் பாடத்தில் இருக்கிறது. கணக்குக்காக, நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் ஒரு பரிசோதனை இருப்பதாகக் கொள்வோம். மறதியோடு மருத்துவமனைக்கு வந்த 1000 பேரில் 500 பேருக்கு நோய் உண்டு என்க. அவர்களில் 450 பேருக்கு 'உண்டு' என்று சரியாக வரும். நோயில்லாத 500 பேரில் 50 பேருக்கும் தவறாக 'உண்டு' என்று வரும். ஆக 'உண்டு' என்ற 500 பேரில் 450 பேருக்கு உண்மையிலேயே உண்டு. இப்போது சந்தையில் நிற்கும் 1000 பேரை அழைத்து வருவோம். அவர்களில் 50 பேருக்குத்தான் நோய் என்க. 45 பேருக்குச் சரியாக 'உண்டு' என்று வரும். நோயில்லாத 950 பேரில் 95 பேருக்குத் தவறாக 'உண்டு' என்று வரும். மொத்தம் 140 பேர் அழுதுகொண்டு வீடு திரும்புவார்கள். அவர்களில் 95 பேர் வீணாக அழுகிறவர்கள்! பரிசோதனை ஒன்றேதான். யாருக்குச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் சொல்லுக்கு மதிப்பு மாறுகிறது.

தவிர, சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மறதி நோய் இல்லாமலே பி-டௌ 217 உயர்ந்து காணலாம். அமிலாய்டு இருந்தும் கடைசி வரை தெளிவாக வாழ்ந்து மறைபவர்களும் உண்டு.

அப்படியானால் இப்பரிசோதனை நம் போன்றோர்க்கு எதற்கு? எனக்கு இதில் ஒரு தனிக் காரணம் தெரிகிறது. கோயம்புத்தூரில் அப்பாயியை நரம்பியல் மருத்துவரிடம் காட்டியபோது, காகிதத்தில் கடிகாரம் வரையச் சொன்னார்கள். அப்பாயி பென்சிலைக் கவாத்துக் கத்தி பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். வாழ்நாளில் பென்சில் பிடித்ததில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். "கொழுந்தா, காசா?" என்று கேட்டார். மருத்துவர் நல்லவர், சிரித்துவிட்டார். பள்ளிக்கூடம் போகாதவருக்குப் பள்ளிக்கூடத் தேர்வு வைத்தால் மறதியையா அளக்க முடியும்?

இந்தக் குறையை நம் நாட்டில் முன்பே உணர்ந்திருக்கிறார்கள். 1990-களில் அரியானா மாநிலத்துப் பல்லப்கர் கிராமங்களில் இந்திய, அமெரிக்க மருத்துவர்கள் சேர்ந்து 55 வயது கடந்த 5126 பேரை ஆராய்ந்தனர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் எழுத்தறியாதவர்கள். மேரி கங்குலி முதலியோர் அவர்களுக்கென்றே கேள்விகளை மாற்றி இந்தியில் அமைத்தனர். அங்கே 65 வயது கடந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்கே அல்சைமர் நோய் இருந்தது. உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளுள் அது ஒன்று. நம் மாநிலத்தில் திருப்போரூர்ப் பகுதியில் நடந்த ஆய்வு 1997-இல் வெளியாயிற்று. அங்கே 60 வயது கடந்தவர்களில் எல்லா வகை மறதி நோயும் சேர்ந்து 3.5 விழுக்காடு. 2023-இல் வெளியான அனைத்திந்திய ஆய்வோ 60 வயது கடந்தவர்களில் 7.4 விழுக்காடு, அதாவது சுமார் 88 இலட்சம் பேர் என்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தாரைவிடக் கிராமத்தாருக்கும் மிகுதி என்றும் காட்டுகிறது. முறைகளும் காலமும் வேறு என்பதால் இவற்றை அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனாலும் கேள்வித்தாளை மாற்றினால் எண்ணும் மாறும் என்ற ஐயம் எனக்கு எழாமல் இல்லை. இரத்தத்துக்கு எழுத்தறிவு வேண்டியதில்லை. கவாத்துக் கத்தி பிடித்த கையிலிருந்தும் பேனா பிடித்த கையிலிருந்தும் ஒன்று போலவே எடுக்கலாம்.

எனினும் எந்த எண்ணுக்கு மேல் நோய் என்பதைப் பெரும்பாலும் சுவீடனிலும் அமெரிக்காவிலும் உள்ளவர்களைக் கொண்டே வகுத்திருக்கிறார்கள். நம் மக்களின் உணவு, உடல்வாகு, சர்க்கரை நோய், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்கு அந்த எண் அப்படியே பொருந்துமா? அதற்கு நம் மக்களையே பல்லாண்டு தொடர்ந்து பார்க்க வேண்டும். அந்தப் பணி நமக்கு அருகிலேயே நடக்கிறது. கருநாடகத்தில் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் மாம்பழத்துக்குப் பேர்போன ஊர். அதன் சுற்றுக் கிராமங்களில் 45 வயது கடந்த 10,000 பேரைத் தொடர்ந்து ஆராயும் திட்டத்தைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து மூளை ஆராய்ச்சி மையம் 2018-இல் தொடங்கியது. இன்று நலமாக உள்ள விவசாயிகளின் இரத்தத்தையும் நினைவாற்றலையும் மூளைப் படத்தையும் ஆண்டாண்டாகப் பார்த்து வருகிறார்கள். இத்தகைய ஆய்வு ஒன்று நம் தேயிலைத் தோட்டங்களிலும் நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

புதிய பரிசோதனையைப் பேசும்போது பழையதை மறந்துவிடக் கூடாது. கோயம்புத்தூர் மருத்துவர் முதலில் எழுதிக் கொடுத்தவை தைராய்டும் வைட்டமின் பி12-உம்தான். இவ்விரண்டும் குறைந்தாலும் மறதி வரும். அந்த மறதிக்கு மருந்து உண்டு. நம் குன்னூரில் பாஸ்டர் நிலையத்தில் இருந்துகொண்டு சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் மக்கரிசன் என்ற மருத்துவர் தைராய்டு வீக்கத்தையும் சத்துக் குறைவு நோய்களையும் ஆராய்ந்தார். அவர் நடத்திய ஆய்வுக்கூடம்தான் பின்னர் ஐதராபாத்துக்குச் சென்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. மறதி என்றதும் அல்சைமர் என்று அஞ்சாமல் இவற்றை முதலில் பார்ப்பதே முறை. அப்பாயிக்குத் தைராய்டு சரியாக இருந்தது. பி12 குறைவாக இருந்தது. ஊசி போட்டார்கள். சோர்வு நீங்கிற்று. மறதி நீங்கவில்லை. மூளைப் படத்தைப் பார்த்துவிட்டு மருத்துவர், "அல்சைமரா இருக்கலாம்" என்றார்.

அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லை 'ஆம்' அல்லது 'இல்லை' என்று ஆக்குவதுதான் பி-டௌ 217-இன் வேலை. அப்பா கேட்டார், "தெரிஞ்சு என்ன டாக்டர் பண்ணப் போறோம்?" மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். அமிலாய்டை நீக்கும் லெக்கானெமாப், டொனானெமாப் என்ற மருந்துகளுக்கு அமெரிக்காவில் 2023, 2024-ஆம் ஆண்டுகளில் முழு அனுமதி கிடைத்தது. அவை நோயைக் குணப்படுத்துவதில்லை. அதன் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன. லெக்கானெமாப் 18 மாதங்களில் 27 விழுக்காடு குறைத்தது. சிலருக்கு மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் உண்டாகின்றன. தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கே அவை பொருந்தும். அப்பாயி அந்த நிலையைத் தாண்டிவிட்டார்.

ஒன்றரை ஆண்டு டானிக் குடித்ததை நினைத்து அம்மா அன்று பேருந்தில் பேசவே இல்லை. ஆனால் அப்போது இந்தப் பரிசோதனைக்கு அமெரிக்காவில்கூட அனுமதி கிடைத்திருக்கவில்லை என்பதைப் பிறகு படித்து அறிந்து அம்மாவிடம் சொன்னேன். "அப்போ நாம லேட்டு இல்லையா?" என்றார். பரிசோதனைக்கு லேட்டு இல்லை. பி12 ஊசிக்கு லேட்டுதான் என்று உள்ளதைச் சொன்னேன்.

அப்பாவுக்கு வேறொரு கவலை இருந்தது. மேட்டுப்பாளையத்துக்குக் கேரட் லாரி ஓட்டுகிறவர் அவர். வயது 48. ஒரு நாள் இரவு யாரும் இல்லாதபோது என்னிடம் கேட்டார்: "பாப்பா, அந்த ரத்த டெஸ்ட்டை நான் எடுத்துப் பார்த்துக்கலாமா? மலையில வண்டி ஓட்டுறவன் நான். கொண்டை ஊசி வளைவுல மறந்துட்டா என்ன ஆகும்?" எனக்குத் தொண்டை அடைத்தது. கேரட் மண்டி பில்லின் பின்பக்கத்தில் மேலே சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டினேன். சந்தையில் நிற்கும் ஆயிரம் பேர், நூற்று நாற்பது, தொண்ணூற்றைந்து. அறிகுறி இல்லாத அவருக்கு அது இப்போது செய்யத் தக்கதன்று என்றேன். அதைவிட இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளலாம். 2024-இல் லான்செட் குழு திருத்தி அமைக்கத் தக்க 14 காரணங்களைச் சொல்லியிருக்கிறது. காது கேளாமையும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் புகையும் அதில் உண்டு. அவற்றை எல்லாம் நீக்க முடிந்தால் உலகின் மறதி நோயில் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று அது கணக்கிடுகிறது. சிறுவயதில் கல்வி குறைவாகக் கிடைப்பதும் அந்தப் பதினான்கில் ஒன்று.

அப்பா பில்லை இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் பீடிக்கட்டு அடுப்பங்கரை அலமாரியில் அப்படியே இருந்தது. அதற்கு மறுநாள் இல்லை. எனவே அந்தக் கணக்கு முழு வெற்றி என்று சொல்ல முடியாது.

மாலையில் பனி இறங்கும் நேரம் அப்பாயி வாசலுக்கு வந்து நிற்பார். "கொழுந்து நிறுத்தாச்சா?" என்று கேட்பார். முன்பெல்லாம் நாங்கள், "இது கேத்தி அப்பாயி, நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க" என்று திருத்துவோம். அவருக்கு அழுகை வரும். இப்போது அம்மா கை வேலையை விடாமலே, "நிறுத்தாச்சு அத்தை, இருபத்தி ரெண்டு கிலோ" என்கிறார். "காலையில பதினாலு. அப்போ முப்பத்தாறு" என்று அப்பாயி கூட்டிச் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்காருகிறார். கூட்டல் இன்னும் தவறவில்லை.